பாடப்புத்தகத்தை காதால படிக்க வைக்கறது எப்படி: டெல்டா பக்கத்து அப்பா அம்மாக்களுக்கு

என் பொண்ணு இப்ப பத்தாவது. சின்ன வயசுல ராத்திரி தடுமாறுவா, மாலைக்கண்ணா இருக்கும் கீரை குடுத்தா சரியாயிடும்னு சொன்னவங்க பேச்சைக் கேட்டு விட்டுட்டோம், ஏழாவது படிக்கும்போதுதான் விழித்திரைல பிரச்சினைன்னு தெரிஞ்சுது, எட்டாவது வர்றதுக்குள்ள பாடப்புத்தக எழுத்து அவளுக்கு எறும்பு ஊர்ற மாதிரி ஆயிடுச்சு. நான்தான் தினம் ராத்திரி உக்காந்து வாசிச்சுக் காட்டுவேன். நடவு, களையெடுப்புன்னு வயல் வேலை இருக்கற நாள்ல முடியாது, அன்னைக்கு அவ படிக்காமலே தூங்கிடுவா. அது என்னை ரொம்ப வருத்தின விஷயம், ஏன்னா புள்ளைக்கு படிக்கணும்னு ஆசை நிறைய, கையில புத்தகமும் இருக்கு, நடுவுல நான் ஒருத்தி இல்லாட்டி எதுவும் நடக்கல.

இப்ப அவளே போனை வெச்சுக்கிட்டு பாடத்தைக் கேக்கறா, நிறுத்தறா, திரும்பக் கேக்கறா. இந்த நிலைமைக்கு வர எங்களுக்கு ஒன்றரை வருஷம் ஆச்சு, அதுல முக்கால்வாசி தப்பான வழில போனதுதான். வரிசை தெரிஞ்சிருந்தா ரெண்டு மூணு மாசத்துல முடிஞ்சிருக்கும். அதனாலதான் எழுதறேன். மன்னார்குடில இருக்கற என் நாத்தனார் பையனுக்கு டிஸ்லெக்சியா, அதாவது எழுத்துக் கூட்டிப் படிக்கறதுல கஷ்டம், அவனுக்கும் இதே வழிதான் உதவுச்சு, அவன் விஷயத்துல வித்தியாசமா பண்ண வேண்டியது எதுன்னும் அங்கங்க சொல்றேன்.

ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன், இந்த வேலையை ஏப்ரல் மே லீவுலயே ஆரம்பிங்க. ஜூன்ல ஸ்கூலும் திறந்துடும், மேட்டூர்லயும் தண்ணி விட்டுடுவாங்க, குறுவை வேலை வந்துட்டா நம்ம வீட்டுல யாருக்கும் உக்காந்து ஃபைல் சரி பண்ண நேரம் கிடைக்காது.

1. புள்ளைக்கு என்ன தேவைன்னு முதல்ல பாருங்க

எல்லாருக்கும் ஒரே ஆப் போட்டுக் குடுத்தா சரியா வராது. சுத்தமா பார்வை இல்லாத புள்ளைக்கு போன் முழுசையும் பேச வைக்கற ஸ்கிரீன் ரீடர் வேணும். கொஞ்சம் பார்வை இருக்கற புள்ளைக்கு எழுத்தை பெருசாக்கி, கருப்பு பின்னணில வெள்ளை எழுத்தா மாத்தி, கூடவே வாசிச்சும் காட்டணும். டிஸ்லெக்சியா புள்ளைக்கு கண்ணு நல்லா தெரியும், எழுத்தைக் கூட்டிப் படிக்கறதுதான் கஷ்டம், அதனால வாசிக்கற வரி கலர்ல ஒளிரணும், அதே நேரம் காதுலயும் விழணும். பெருமூளை வாதம், தசைச் சிதைவு இருக்கற புள்ளைங்களுக்கு பக்கம் புரட்டறதே பிரச்சினை, அவங்களுக்கு தானா ஓடற மாதிரி இருந்தா போதும்.

இவங்க எல்லாருமே அச்சுப் புத்தகத்தைப் படிக்க முடியாதவங்கங்கற கணக்குல வர்றாங்க. பார்வை இல்லாதவங்களுக்கு மட்டும்தான் இதெல்லாம்னு நெனச்சு நாத்தனார் வீட்டுல ஒரு வருஷம் கேக்காமலே இருந்துட்டாங்க. 2016ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 21 வகை இருக்கு, கற்றல் குறைபாடும் அதுல ஒண்ணு.

2. யூடிஐடி அட்டைக்கு இன்னைக்கே போடுங்க

யூடிஐடிங்கறது மாற்றுத்திறனாளிகளுக்கு மத்திய அரசு குடுக்கற அடையாள அட்டை. கையில சான்று இல்லாம 7வது பகுதில சொல்ற இணைய நூலகத்துல சேர முடியாது, பரீட்சை சலுகையும் கிடைக்காது. அட்டை வர்ற வரைக்கும் கீழ 3வது பகுதிலேர்ந்து 6வது பகுதி வரைக்கும் இருக்கற வேலையை நீங்க பாட்டுக்கு செய்யலாம், அதுக்கு எந்தச் சான்றும் வேணாம். ஆனா மனு மட்டும் முதல்ல போயிடணும், ஏன்னா மாசக்கணக்குல இழுக்கறது இதுதான்.

இதுக்குன்னு இருக்கற ஸ்வாவ்லம்பன்ங்கற அரசு இணையதளத்துல நீங்களே போடலாம், இல்ல இ-சேவை மையத்துல போடலாம். அரசாங்கத்துக்கு கட்டணம் எதுவும் கிடையாது, மையத்துல அவங்க சேவைக்கு மட்டும் கொஞ்சம் வாங்குவாங்க. புள்ளையோட ஆதார், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, கையெழுத்து இல்லன்னா பெருவிரல் ரேகை ஸ்கேன், முகவரிச் சான்று, பழைய ஊனச் சான்று இருந்தா அது, இவ்வளவும் ஒரு கவர்ல போட்டு ஜெராக்ஸ் மூணு செட்டோட வெச்சுக்கோங்க. இதுவரைக்கும் பார்த்த டாக்டர் சீட்டு, ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாத்தையும் தேதி வரிசையா அடுக்கி எடுத்துட்டுப் போங்க, சான்று குடுக்கற மெடிக்கல் போர்டுல உக்காந்திருக்கற டாக்டருக்கு நேரம் கம்மி, கேட்ட உடனே நீட்டணும்.

நாங்க மாட்டிக்கிட்ட இடம் பேரு. ஆதார்ல இனிஷியல் பின்னாடி, ஸ்கூல்ல முன்னாடி, பழைய சீட்டுல இனிஷியலே இல்ல. இதுக்காக எங்களை ஒரு அலுவலகத்துல மூணு தடவை திருப்பி அனுப்புனாங்க, ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் போச்சு. மனு போடறதுக்கு முன்னாடியே ஆதாரை ஸ்கூல் பதிவோட ஒத்துப்போற மாதிரி திருத்திடுங்க.

இன்னொண்ணு மயிலாடுதுறை, சீர்காழி, தரங்கம்பாடி பக்கத்து ஆளுங்களுக்கு. உங்க மாவட்டம் 2020ல தனியா பிரிஞ்சுது, ஆனா நிறைய பேர் ஆதார்ல இன்னும் நாகப்பட்டினம் மாவட்டம்னுதான் இருக்கு. மனுவுல எந்த மாவட்டத்தைக் காட்டறீங்களோ அதை வெச்சுத்தான் ஆஸ்பத்திரி ஒதுக்குவாங்க. அதனால முதல்ல ஆதார் முகவரியைப் புதுப்பிச்சுட்டு அப்புறம் மனுப் போடுங்க, இல்லாட்டி நாகைக்கும் மாயவரத்துக்கும் அலையணும்.

மெடிக்கல் போர்டு என்னைக்கு உக்காருதுன்னு மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். கலெக்டர் ஆபீஸ் வளாகத்துல மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம்னு இருக்கும், அங்க கேட்டுட்டு கிளம்புங்க. டிஸ்லெக்சியாவுக்கு 8 வயசு ஆனாத்தான் சான்று குடுப்பாங்க, அதுக்குத் தனியா மனநலப் பிரிவுல டெஸ்ட் வெப்பாங்க, ஒரே நாள்ல முடியாது, புள்ளை நல்லா தூங்கி சாப்பிட்டுட்டு இருக்கற நாளா பாத்துப் போங்க. சலுகை பெரும்பாலும் 40 சதவீதத்துக்கு மேல இருந்தாத்தான், அதனால சான்று கைக்கு வந்த உடனே சதவீதம், பேரு, பிறந்த தேதி மூணையும் அங்கேயே நின்னு சரி பாருங்க.

அந்த அலுவலகத்துக்குப் போகும்போதே பார்வைக் குறைபாடு உள்ள மாணவங்களுக்கு குடுக்கற ஸ்மார்ட்போன், டெய்சி பிளேயர் (டெய்சிங்கற பேசும் புத்தக வடிவத்தை ஓட்டற கருவி), உருப்பெருக்கி பத்தியும் கேட்டுடுங்க. வயசு, படிப்புன்னு நிபந்தனை இருக்கும், அந்த வருஷ ஒதுக்கீடு தீந்துட்டா அடுத்த வருஷம்தான், அதனால நிதியாண்டு ஆரம்பத்துல ஏப்ரல் மேலயே மனு குடுக்கறது நல்லது.

3. போன்ல தமிழ்க் குரலை ஏத்துங்க

புதுசா போன் வாங்க வேணாம். மூணு நாலு வருஷம் பழசான ஆண்ட்ராய்டு போன் போதும். செட்டிங்ஸ்ல அணுகல்தன்மைன்னு இருக்கும், சில போன்ல அக்சஸிபிலிட்டின்னே இருக்கும், அதுக்குள்ள டெக்ஸ்ட் டு ஸ்பீச் அவுட்புட்டுன்னு ஒண்ணு. அங்க எஞ்சின் எதுன்னு பாருங்க, சில போன்ல அந்த கம்பெனியோட சொந்த எஞ்சின்தான் முதல்ல இருக்கும், அதை கூகுள் எஞ்சினுக்கு மாத்துங்க. அப்புறம் மொழி தமிழ்னு வெச்சு, குரல் தரவை இன்ஸ்டால் பண்ணுங்கன்னு வர்ற இடத்துல தமிழைத் தேர்ந்தெடுத்து இறக்கிடுங்க. ஆண் குரல் பெண் குரல்னு ரெண்டு மூணு வரும், எல்லாத்தையும் போட்டுக் காட்டி புள்ளை எதைச் சொல்லுதோ அதையே வைங்க. தினம் ரெண்டு மணி நேரம் அந்தக் குரலைத்தான் அது கேக்கப் போகுது.

இந்தக் குரலை இறக்கி வெக்கறது ரொம்ப முக்கியம். எங்க ஊர்ல சிக்னல் ஒரு கோடு வந்தா பெருசு, ஐப்பசி கார்த்திகைல மழை புடிச்சுதுன்னா அதுவும் போயிடும், கரண்டும் போயிடும். குரல் போன்லயே இருந்தா நெட்டு இல்லாம வாசிக்கும். கும்பகோணம், தஞ்சாவூர் போற அன்னைக்கு சொந்தக்காரங்க வீட்டு வைஃபைல போட்டு இறக்கிட்டு வந்துடுங்க, இறக்கினப்புறம் நெட்டை ஆஃப் பண்ணிட்டு வாசிக்குதான்னு அங்கேயே சோதிச்சுப் பாருங்க. நான் சோதிக்காம வந்து ஒரு வாரம் வீணாச்சு.

பார்வை சுத்தமா இல்லாத புள்ளைக்கு டாக்பேக் ஆன் பண்ணணும், அதுதான் ஆண்ட்ராய்டு போனோட ஸ்கிரீன் ரீடர். ஆன் ஆனா போன் நடந்துக்கற விதமே மாறிடும்: ஒரு தடவை தொட்டா என்னன்னு சொல்லும், ரெண்டு தட்டு தட்டினாத்தான் திறக்கும், மேல கீழ நகர்த்த ரெண்டு விரல் வேணும். இது தெரியாம நிறைய அம்மாக்கள் போன் கெட்டுப்போச்சுன்னு பயந்து கடைக்குத் தூக்கிட்டுப் போறாங்க. வால்யூம் பட்டன் ரெண்டையும் சேத்து மூணு செகண்ட் அமுக்கினா ஆனாகி ஆஃப் ஆகற ஷார்ட்கட் செட்டிங்ஸ்ல இருக்கு, அதை முதல்ல போட்டு வெச்சுக்கிட்டு அப்புறம் பழகுங்க. ஒரு வாரம் கஷ்டமா இருக்கும், பெரியவங்க நம்மளை விட புள்ளைங்க சீக்கிரம் புடிச்சுக்குவாங்க.

கொஞ்சம் பார்வை இருக்கறவங்களுக்கும் டிஸ்லெக்சியாவுக்கும் டாக்பேக் வேணாம். செலக்ட் டு ஸ்பீக்குன்னு அதே இடத்துல இருக்கும், எந்தப் பத்தியைத் தொடறோமோ அதை மட்டும் வாசிக்கும். முழுப் பாடம் கேக்க அட் வாய்ஸ் அலவுட் ரீடர்னு ஒரு ஆப், இலவசம்தான், விளம்பரம் வரும். ஈபப் (மின்நூலுக்குன்னே இருக்கற ஃபைல் வடிவம்), பிடிஎஃப், வேர்டு எல்லாம் திறக்கும், வாசிக்கற வாக்கியத்தை ஒளிர வைக்கும், வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். நாத்தனார் பையனுக்கு இந்த ஒளிர்ற வசதிதான் பெரிய மாற்றத்தைக் குடுத்துச்சு, எழுத்தும் சத்தமும் ஒண்ணா வர்றதால கண்ணு எங்க இருக்கணும்னு அவனுக்குத் தெரிஞ்சுது.

காசு செலவுன்னு பாத்தா ஒரு நல்ல ஹெட்போன் வாங்குங்க, 500 ரூபாய்க்குள்ள கிடைக்கும். போன் ஸ்பீக்கர்ல லகரம் ளகரம் எல்லாம் ஒண்ணா கேக்கும். கூட ஒரு பவர் பேங்க். இந்த ரெண்டுதான் எங்களுக்கு ஆன நேரடிச் செலவு.

4. புத்தகம் எங்கேர்ந்து எடுக்கறது

தமிழ்நாடு பாடநூல் எல்லா வகுப்புக்கும் பிடிஎஃப்பா இலவசமா கிடைக்குது, தமிழ்வழி ஆங்கிலவழி ரெண்டும். புத்தகத்துல இருக்கற க்யூஆர் கோடை திக்‌ஷா ஆப்ல காட்டினா அந்தப் பாடத்துக்கான வீடியோ மாதிரி விஷயங்கள் வரும், படம் சார்ந்த அறிவியல் பாடத்துக்கு அது உதவும், ஆனா புத்தகத்துக்கு மாற்று இல்ல.

பாடத்துக்கு வெளிய படிக்க, மதுரைத் திட்டம்ங்கற இணையதளத்துல சங்க இலக்கியத்துலேர்ந்து இருக்கு, ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்ல ஈபப் வடிவத்துலயே கதை கட்டுரைன்னு நிறைய இருக்கு, தமிழ் விக்கிமூலத்துலயும் எடுக்கலாம். எல்லாம் இலவசம். தமிழ் இணையக் கல்விக்கழகத்து மின்னூலகம் பெருசு, ஆனா அங்க பாதிக்கு மேல பழைய புத்தகத்தோட ஸ்கேன், அதை அப்படியே போட்டா எந்த ஆப்பும் வாசிக்காது.

ஒரே புத்தகம் ஈபப்பாவும் பிடிஎஃப்பாவும் கிடைச்சா கண்ணை மூடிக்கிட்டு ஈபப்பை எடுங்க. ஈபப்ல எழுத்தை எவ்வளவு பெருசாக்கினாலும் வரி மடங்கி உள்ளேயே நிக்கும், தலைப்புக்கு தலைப்பு தாவலாம். பிடிஎஃப்ல பெருசாக்கினா பாதி வரி வெளிய போயிடும், புள்ளை இடமும் வலமும் இழுத்து இழுத்தே சோர்ந்துடும்.

5. ஒரு வரியை காப்பி பண்ணி சோதிங்க

இந்தக் கட்டுரைல ஒண்ணே ஒண்ணை மட்டும் ஞாபகம் வெச்சுக்கணும்னா இதை வெச்சுக்கோங்க. எங்களுக்கு ஒரு வருஷம் போனது இது தெரியாமத்தான். போன்ல பிடிஎஃப் திறந்தா தமிழ் அழகா தெரியும், நமக்குக் கண்ணு தெரியறதால சரியா இருக்குன்னு நம்பி புள்ளைகிட்ட குடுத்துடுவோம், ஆப் என்னமோ உளறும், நாம ஆப்பைத் திட்டிட்டு வேற ஆப் தேடுவோம். நான் எட்டு ஆப் மாத்தினேன். தப்பு ஆப்ல இல்ல, ஃபைல்ல.

சோதனை சுலபம். பிடிஎஃப்ல ஒரு வரியை விரலால அமுக்கி செலக்ட் பண்ணி காப்பி எடுத்து உங்களுக்கே வாட்ஸ்அப்ல ஒட்டிப் பாருங்க. நாலு விதமா வரும்.

தமிழ் அப்படியே வந்துச்சுன்னா அது யூனிகோடு, அதாவது எல்லா போனுக்கும் புரியற பொது எழுத்துமுறை, எந்த ஆப்பும் வாசிக்கும், கவலை இல்ல.

செலக்டே ஆகலைன்னா அது போட்டோ. 6வது பகுதிக்குப் போங்க.

இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து கன்னாபின்னான்னு வந்துச்சுன்னா பாமினி, வானவில் மாதிரி பழைய எழுத்துருல அடிச்சது. டிடிபி சென்டர்ல அடிச்ச வினாத்தாள், டியூஷன் நோட்ஸ், கைடு எல்லாம் இந்த ரகமா இருக்க வாய்ப்பு அதிகம். கண்ணுக்குத் தமிழ், உள்ளுக்குள்ள இங்கிலீஷ் எழுத்து. இதை மாத்த என்எச்எம் கன்வெர்ட்டர்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, எந்த எழுத்துருன்னு தேர்ந்தெடுத்து ஒட்டினா யூனிகோடா குடுக்கும். எந்த எழுத்துருன்னு தெரியலைன்னா ஒவ்வொண்ணா போட்டுப் பாருங்க, எதுல சரியான தமிழ் வருதோ அதுதான். வாத்தியார்கிட்ட பேச முடிஞ்சா பிடிஎஃப்புக்கு பதிலா வேர்டு ஃபைலாவே குடுங்க சார்னு கேளுங்க, மாத்தறது பாதி சுலபமாயிடும்.

நாலாவதுதான் ஏமாத்தும். தமிழ்தான் வரும், ஆனா கொம்பு தனியா, கால் தனியா, புள்ளி இடம் மாறி நிக்கும். கொக்குன்னு இருக்கற இடத்துல ஒற்றைக் கொம்பு முன்னாடி வந்து நின்னு, குரல் அதை விட்டுட்டு வேற எதையோ சொல்லும். பாத்த உடனே தெரியாது, கேட்டாத்தான் தெரியும். இதைக் கையால திருத்தறது முடியற வேலையே இல்ல, அந்தப் பக்கத்தை போட்டோவா நெனச்சு 6வதுல சொல்ற மாதிரி திரும்ப எழுத்தா எடுக்கறதுதான் வழி.

புள்ளைகிட்ட குடுக்கறதுக்கு முன்னாடி நீங்க கண்ணை மூடிக்கிட்டு ஒரு பக்கம் முழுசா கேளுங்க. புத்தகத்தைப் பாக்காம உங்களுக்கு அர்த்தம் புரிஞ்சாத்தான் அது புள்ளைக்கும் புரியும்.

6. ஸ்கேனையும் போட்டோவையும் எழுத்தா மாத்தறது

இதுக்கு பேரு ஓசிஆர். ஒரு பத்தி ரெண்டு பத்தின்னா கூகுள் லென்ஸ் போதும், புத்தகத்து மேல காட்டி எழுத்தை செலக்ட் பண்ணினா காப்பி ஆகும், வாசிச்சும் காட்டும். முழுப் பாடம்னா கூகுள் டிரைவ்தான் எனக்கு நம்பிக்கையா இருந்துச்சு. படத்தையோ பிடிஎஃப்பையோ டிரைவ்ல ஏத்திட்டு, கம்ப்யூட்டர்ல ரைட் கிளிக் பண்ணி கூகுள் டாக்ஸ்ல திறன்னு குடுத்தா படத்துக்குக் கீழ எழுத்து வந்து நிக்கும். போன் ஆப்ல இந்த வசதி வராது, கம்ப்யூட்டர் வேணும், பிரவுசிங் சென்டர்ல ஒரு மணி நேரம் உக்காந்தா மூணு நாலு பாடம் முடிச்சுடலாம். ஃபைல் 2 எம்பிக்குள்ள இருக்கறது நல்லது. முழுப் புத்தகத்தையும் ஒரே ஃபைலா போடாதீங்க, பாடம் பாடமா பிரிச்சுப் போடுங்க, இல்லாட்டி பாதியோட நின்னுடும்.

போட்டோ எடுக்கறதுலதான் விஷயமே இருக்கு. காலைல திண்ணைல வெளிச்சம் நேரா விழற நேரம் எடுங்க, டியூப்லைட்ல எடுத்தா பளபளப்புத் தாள் மினுங்கி எழுத்து விட்டுப்போகும். புத்தகத்தை முழுசா விரிச்சு, ஓரத்தை கிளிப் போட்டு சமமா வெச்சு, ஒரு நேரத்துக்கு ஒரு பக்கம்தான். ரெண்டு பக்கம் சேத்து எடுத்தா இடது பக்கத்து முதல் வரியும் வலது பக்கத்து முதல் வரியும் ஒட்டிக்கும்.

வந்த எழுத்தை ஒருதரம் வாசிச்சு திருத்தணும், இதுக்குக் குறுக்கு வழி எனக்குக் கிடைக்கல. பக்க எண், ஓரத்துப் பெட்டிச் செய்தி, படத்துக்குக் கீழ இருக்கற வரி எல்லாம் நடுவுல வந்து புகுந்துடும், அதை எடுத்துடுங்க. ஒவ்வொரு தலைப்பையும் தலைப்பு ஸ்டைல்ல வைங்க, புள்ளை தலைப்புக்குத் தலைப்பு தாவ அதுதான் உதவும். ஒரு பாடத்துக்கு எனக்கு முதல்ல மூணு மணி நேரம் ஆச்சு, இப்ப முக்கால் மணி நேரம்.

படத்தையும் வரைபடத்தையும் எந்த ஆப்பும் பாடத்துக்குத் தேவையான மாதிரி சொல்லாது, நீங்கதான் நாலு வரி எழுதி உள்ள சேக்கணும். காவிரி வரைபடம் வந்தப்ப நான் இப்படி எழுதினேன்: குடகுல தலைக்காவிரில ஆரம்பிக்குது, ஒகேனக்கல் வழியா தமிழ்நாட்டுக்குள்ள வருது, மேட்டூர்ல அணை, முக்கொம்புல கொள்ளிடம் வடக்கால பிரியுது, கல்லணைல காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய்னு பிரியுது, பூம்புகார்கிட்ட காவிரி கடல்ல சேருது. அதோட ஒரு அட்டைல நூலை ஒட்டி ஆறு மாதிரி வெச்சு, அணை இருக்கற இடத்துல புளியங்கொட்டையை ஒட்டிக் குடுத்தேன். விரலால தடவிக்கிட்டே காதால கேட்டா, அந்தக் கேள்வியை அவ எந்தப் பரீட்சையிலயும் விட்டதில்ல.

கணக்கும் செய்யுளும் மட்டும் இந்த வழில சரியா வராது, உண்மையைச் சொல்லிடறேன். எக்ஸ் ஸ்கொயர்னு இருக்கறதை எக்ஸ் ரெண்டுன்னு வாசிக்கும், பின்னத்துல எது மேல எது கீழன்னே தெரியாது. செய்யுளை சீர் பிரிக்கத் தெரியாம உரைநடை மாதிரி ஓட்டிடும். இந்த ரெண்டுக்கும் மனுஷக் குரல்தான். தமிழ் டீச்சர்கிட்ட கேட்டேன், அவங்க மனப்பாடப் பகுதி அத்தனையையும் வாட்ஸ்அப்ல பேசி அனுப்பினாங்க. கேட்டா செய்யறவங்க இருக்காங்க, நாம கேக்கத் தயங்கறோம்.

இப்படி மாத்தறது சட்டப்படி தப்பான்னு பயப்பட வேணாம். 2012ல பதிப்புரிமைச் சட்டத்துல திருத்தம் வந்துச்சு, மாற்றுத்திறனாளிங்க படிக்கறதுக்காக லாபம் இல்லாம புத்தகத்தை அவங்களுக்கு ஏத்த வடிவத்துக்கு மாத்தலாம், அவங்களுக்குள்ள பகிரலாம். ஆனா காசு குடுத்து வாங்கின கைடை ஸ்கேன் பண்ணி எல்லா வாட்ஸ்அப் குரூப்லயும் போடாதீங்க, அது வேற விஷயம்.

7. அட்டை கைக்கு வந்ததும் சுகம்ய புஸ்தகாலயாவுல சேருங்க

அச்சு படிக்க முடியாதவங்களுக்காகவே மத்திய அரசும் டெய்சி ஃபோரம் ஆஃப் இந்தியாவும் சேந்து 2016ல ஆரம்பிச்ச இணைய நூலகம் இது. புத்தகம் டெய்சி, ஈபப், பிரெய்லி வடிவத்துல இருக்கும், அதனால நாம திருத்த வேண்டிய வேலை இல்ல. சேர யூடிஐடி அட்டை இல்ல ஊனச் சான்றோட ஸ்கேன், போட்டோ, இமெயில், போன் நம்பர் தயாரா வெச்சுக்கோங்க. பதிவு பண்ணும்போது எந்த உறுப்பு அமைப்பு வழியா சேர்றீங்கன்னு கேக்கும், அந்த அமைப்புதான் சான்றைப் பாத்து ஒப்புதல் குடுக்கணும். அவங்க பதிவுக் கட்டணம் ஏதாவது வாங்கறாங்களான்னு முன்னாடியே கேட்டுடுங்க. ஒப்புதல் வரலைன்னா சும்மா காத்திருக்காம அந்த அமைப்புக்கே போன் பண்ணுங்க, நாங்க மூணு வாரம் சும்மா உக்காந்திருந்தோம், போன் பண்ணின மறுநாள் வந்துச்சு.

தமிழ்ப் புத்தகம் இங்கிலீஷ் அளவுக்கு இல்ல, காலேஜ் போற புள்ளைங்களுக்கு இங்கிலீஷ் பாட நூலுக்கு நல்லா உதவும். டெய்சி ஃபைலை சாதாரண ஆப் திறக்காது, டால்ஃபின் ஈஸிரீடர்னு ஒரு இலவச ஆப் போட்டுக்கோங்க.

8. கம்ப்யூட்டர் இருக்கறவங்களுக்கு

என்விடிஏன்னு ஒரு ஸ்கிரீன் ரீடர் இலவசமாவே கிடைக்குது, விண்டோஸ்ல ஓடும். இதைக் காசு குடுத்து வாங்கச் சொன்னா நம்பாதீங்க, எங்ககிட்ட ஒரு கடைல சிடி போட்டுத் தர்றேன்னு பணம் கேட்டாங்க. அதோட வர்ற இ-ஸ்பீக் தமிழ்க் குரல் இயந்திரம் மாதிரி இருக்கும், விண்டோஸ் மொழி செட்டிங்ஸ்ல தமிழ்ப் பேச்சை இறக்கினா வள்ளுவர்னு ஒரு குரல் வரும், அதை என்விடிஏல ஒன்கோர் குரல்னு இருக்கற இடத்துல தேர்ந்தெடுக்கலாம். சும்மா கேட்டா போதும்னா எட்ஜ் பிரவுசர்ல ஃபைலைத் திறந்து கண்ட்ரோல், ஷிஃப்ட், யு மூணையும் சேத்து அமுக்குங்க, பல்லவின்னு ஒரு குரல் நம்ம பேச்சுக்குக் கிட்டத்துல வாசிக்கும், ஆனா அதுக்கு நெட்டு வேணும். ஈபப் படிக்க தோரியம் ரீடர் நல்லது, அதுவும் இலவசம்.

9. கேக்கறது மட்டும் போதாது, எழுத்தும் பழகணும்

ஒன்பதாவது காலாண்டுல என் பொண்ணு பதில் எல்லாம் சரியா எழுதியிருந்தா, ஆனா மழைக்கு மலை, பள்ளிக்கு பல்லி. ரெண்டு வருஷமா எழுத்தைப் பாக்காம கேட்டு மட்டுமே படிச்சதோட விளைவு அது. பார்வை குறைஞ்சுக்கிட்டே போற புள்ளைங்களுக்கு பிரெய்லி பழக்குங்க, தள்ளிப் போடாதீங்க, நான் தள்ளிப் போட்டதுக்கு இன்னும் வருத்தப்படறேன். தஞ்சாவூர்ல பார்வைத்திறன் குறையுடையோருக்கான அரசுப் பள்ளி இருக்கு, அங்க வழி கேக்கலாம். உங்க ஒன்றியத்து வட்டார வள மையத்துல சிறப்புப் பயிற்றுநர் இருப்பாங்க, ஸ்கூலுக்கு வாரத்துல ஒரு நாள் வரச் சொல்லி தலைமையாசிரியர் மூலமா எழுதிக் குடுங்க. வீட்டுல தினம் பத்து சொல், ஆப்பை எழுத்து எழுத்தா வாசிக்க வெச்சு புள்ளை அதைச் சொல்லிக்கிட்டே எழுதணும்.

வேகத்தை முதல்ல குறைச்சு வைங்க, மாசம் மாசம் கொஞ்சம் கூட்டுங்க. ஒரே நேரத்துல இருபது நிமிஷத்துக்கு மேல வேணாம், காதும் களைச்சுப் போகும். போன் புள்ளை கையில இருக்கணும், ஆன் பண்றது நிறுத்தறது எல்லாம் அதுதான் பண்ணணும். நாம பக்கத்துல உக்காந்து அமுக்கிக் குடுத்துக்கிட்டே இருந்தா பழைய கதைதான், நாம இல்லாத அன்னைக்கு படிப்பு இல்ல.

10. ஸ்கூலுக்கும் பரீட்சைக்கும்

பொதுத்தேர்வு காகிதத்துலதான், அங்க போன் வராது. அதுக்குப் பதிலா சொல்வதை எழுதுபவர், ஒரு மணி நேரம் கூடுதல், ஒரு மொழிப்பாட விலக்கு மாதிரி சலுகை இருக்கு, டிஸ்லெக்சியா புள்ளைங்களுக்கும் உண்டு. மனு தலைமையாசிரியர் வழியாத்தான் போகணும், யூடிஐடி, மருத்துவச் சான்று, போட்டோ சேத்து. பத்தாவது ஆரம்பிச்ச உடனே ஜூன் ஜூலைலயே கேட்டு எழுதிக் குடுத்து, குடுத்ததுக்கு ஒரு நகல்ல கையெழுத்து வாங்கி வெச்சுக்கோங்க. அரைப்பரீட்சை முடிஞ்சு போய் நின்னா அனுமதி வர்றதுக்குள்ள தேர்வு வந்துடும்.

மொழி விலக்கு வாங்கறதுக்கு முன்னாடி நல்லா யோசிங்க, பின்னாடி எந்தப் படிப்புக்குப் போகப் போறாங்கன்னு டீச்சர்கிட்ட பேசிட்டு முடிவு பண்ணுங்க. எழுதுபவரோட பழகவும் நேரம் வேணும். ஆப் குரலுக்குப் பழகின புள்ளைக்கு மனுஷங்க வேகமா கேள்வி வாசிச்சா முதல்ல தடுமாற்றம் வரும், அதனால மாசம் ரெண்டு தடவை யாரையாவது உக்கார வெச்சு வாசிக்கச் சொல்லி, புள்ளை சொல்லச் சொல்ல எழுத வெச்சு மாதிரித் தேர்வு நடத்துங்க. கமா எங்க, புதுப் பத்தி எங்க, படம் வரையற கேள்விக்கு என்ன சொல்லணும்னு எல்லாம் அப்பத்தான் பழகும்.

11. ஃபைலை பத்திரமா வைங்க

பாடத்துக்கு ஒரு ஃபைல், பேரை வகுப்பு, பாடம், இயல் எண்னு இந்த வரிசைல வைங்க, டாக்பேக் பேரை வாசிக்கும்போது புள்ளைக்குத் தேட சுலபமா இருக்கும். படம் 1, புது டாக்குமெண்ட் 7ன்னு விட்டுட்டா அவளால எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஒரு பிரதி மெமரி கார்டுல, ஒரு பிரதி டிரைவ்ல. அடுத்த வருஷம் பாடநூல் திருத்தி அச்சடிச்சாங்கன்னா மாறின பக்கத்தை மட்டும் சரி பண்ணினா போதும். வகுப்பு முடிஞ்சுதுன்னு அழிச்சுடாதீங்க, வட்டார வள மைய டீச்சர்கிட்ட ஒரு பென் டிரைவ்ல போட்டுக் குடுத்துடுங்க. நான் எட்டாவது சமூக அறிவியலை அப்படிக் குடுத்தேன், போன வாரம் பாபநாசம் பக்கத்துலேர்ந்து ஒரு பையனோட அம்மா போன் பண்ணி, மூணாவது பாடத்துல ஒரு வரி விட்டுப்போயிருக்குக்கா, சேத்துட்டேன், திரும்ப அனுப்பட்டுமான்னு கேட்டாங்க.